சிவப்பும் பொன்னும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடை என்றால் சிலம்பையும் குறளையும் கம்பனையும் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். அந்த வழக்கத்திலிருந்து இன்று சற்றே விலகுகிறோம். இன்று நாம் பேசப்போவது ஒரு சட்டையைப் பற்றி. கொல்கத்தா நகரத்தின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம் நூறாண்டுகளுக்கு மேலாக அணிந்துவரும் சிவப்பும் பொன்னுமான சட்டையின் வரலாறே நமது பொருள். "சட்டைக்கும் ஒரு வரலாறா?" என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

இந்தப் பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கலை ஒட்டி நம் குடியிருப்பில் சிறுவர்க்கு விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. சங்கத்தின் பெயர் பொறித்த வெள்ளைச் சட்டை அணிந்து வருமாறு எல்லோர்க்கும் சொல்லியிருந்தோம். வந்த பிள்ளைகளோ பாதிப் பேர் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பிலும் பொன்னிலும், மற்றும் சிலர் மோகன் பாகனின் பச்சையிலும் அரக்கிலும் வந்து நின்றார்கள். "இது தமிழ்ச் சங்கத்து விழாவா, மைதானத்து லீக் ஆட்டமா?" என்று பெரியவர் ஒருவர் வருந்திக் கேட்டார். அதற்கு அவருடைய பேரனே, "தாத்தா, இது எங்க டீம்" என்று விடை கூறினான். அந்த "எங்க" என்னும் சொல் பெரியவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. உண்மையைச் சொல்வதானால், நம் நெஞ்சிலும் தைத்தது. நாமும் அன்று முகம் சுளித்தோம். அதன்பின் செயற்குழுவில் இது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் நம்மை விட்டுப் போகிறார்களா என்பதே அந்த வழக்கின் அடியில் இருந்த அச்சம். அந்த அச்சத்தோடுதான் இச்சட்டையின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க நம் எண்ணம் மாறிற்று.

கதை 1920-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் கூச் பிகார் கோப்பைப் போட்டியில் ஜோராபாகன் கழகம் மோகன் பாகனை எதிர்த்து ஆடவிருந்தது. ஜோராபாகன் அணியிலிருந்து சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை நீக்கிவிட்டார்கள். கழகத்தின் துணைத் தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி, அவரை மீண்டும் சேர்க்குமாறு வேண்டினார், வேண்டுதல் பலிக்கவில்லை. கிழக்கு வங்காளத்துப் பிள்ளை என்பதால்தான் இந்த அலட்சியம் என்ற மனக்குறை எழுந்தது. சௌதுரி கழகத்தை விட்டு விலகினார். தம்மோடு ஒத்த கருத்துடைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள் ஒரு புதிய கழகத்தை நிறுவினார். பிறந்த மண்ணின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நிறுவியவர்களுள் ஒருவரான மன்மதநாத சௌதுரி, கிழக்கு வங்காளத்துச் சந்தோஷ் என்னும் ஊரின் ஜமீன்தார். மாநிலங்களுக்கிடையே இன்றும் நடைபெறும் சந்தோஷ் கோப்பை அவ்வூரின் பெயரைத் தாங்கியது என்பதைக் குழந்தைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வேற்றூர் வந்தவர்கள், தாம் மதிக்கப்படவில்லை என்று உணர்ந்தபோது கூடி அமைத்த சங்கம் அது. நம் சங்கத்தை நிறுவிய முன்னோர்கள் எந்த மனத்துடன் ஒரு வாடகை அறையில் கூடினார்களோ, அந்த மனத்தை நாம் இங்கே அடையாளம் கண்டுகொள்ளலாம் அன்றோ?

பெயர் கிடைத்தது, நிறம் வேண்டுமே! எந்த நிறத்தில் சட்டை அணிவது என்று நிறுவியவர்கள் யோசித்தார்கள். சௌரங்கியில் ஒயிட்டவே லெய்ட்லா என்னும் ஆங்கிலேயரின் பெரிய கடை இருந்தது. எஸ்பிளனேடு முனையில் மணிக்கூண்டோடு நிற்கும் மெட்ரோபாலிட்டன் கட்டடந்தான் அது. அந்தக் கடையில் தொங்கிய சிவப்பும் பொன்னுமான சட்டையொன்று அவர்கள் கண்ணைக் கவர்ந்தது என்றும், 80 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள் என்றும் கழகத்து அன்பர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 1920-இல் 80 ரூபாய் எளிய தொகையன்று.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கு வங்காளத்தின் அடையாளமாகக் கோடிக்கணக்கானோர் இன்று போற்றும் அந்த நிறங்கள் பத்மா நதிக்கரையிலிருந்து வந்தவை அல்ல; டாக்காவின் தறியில் நெய்தவையும் அல்ல. அவர்கள் புதிதாகக் குடியேறிய நகரத்தில், அந்நியன் கடையில், விலை கொடுத்து வாங்கியவை. அந்தச் சட்டைக்கும் அவர்கள் ஊருக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்பு பின்னால் வந்தது. அது எப்படி வந்தது என்பதே இச்சட்டையின் வரலாறு.

முதலில் அது உழைப்பால் வந்தது. அக்காலத்தில் கல்கத்தா லீகின் முதற்பிரிவு பெரும்பாலும் ஆங்கிலேயர் அணிகளுக்கும் படைப்பிரிவு அணிகளுக்கும் உரியதாக இருந்தது. இந்தியர் கழகங்களுக்கு இடம் மிகக் குறைவு. அந்தக் கட்டுப்பாட்டோடு போராடி 1925-இல் ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவில் கால் வைத்தது. அவ்வாண்டு மே 28-ஆம் நாள் லீகில் முதன்முறை மோகன் பாகனைச் சந்தித்து 1-0 என வென்றது. ஆனால் 1928-இல் மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க நேர்ந்தது. 1930-இல் சட்டமறுப்பு இயக்கத்தின் காரணமாக லீக் பாதியில் நின்றுபோயிற்று. முன்னணியில் இருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு மேற்பிரிவு கிட்டாது என்றானபோது, அன்பர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றார்கள் என்பது கழகத்து வரலாறு. அந்தத் தீப்பந்தமே சின்னமாகிச் சட்டையின் மார்பில் ஏறியது. நிறம் கடையில் வாங்கியது. தீப்பந்தமோ தாமே ஏற்றியது.

உடை என்றால் சட்டை மட்டுமன்று, காலணியும் உண்டு. கல்கத்தாவின் பழைய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-இல் மோகன் பாகன் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றபோது, பதினொருவரில் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். வெறுங்கால் வறட்டு நிலத்தில் வேகம் தரும். மழைச் சேற்றில் வழுக்கும். லீக் ஆட்டங்களோ மழைக்காலத்தில்தான் பெரிதும் நடந்தன. பருத்திச் சட்டை மழையில் நனைந்து கனத்துவிடும். சேறு படிந்தால் அரை மணி நேரத்தில் சிவப்பு எது, பொன் எது, பச்சை எது என்றே தெரியாது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சிடம் 2-1 எனத் தோற்றதும், 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றதும் வரலாறு. அதன்பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

1947-இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. எந்த ஊரின் பெயரைக் கழகத்துக்கு வைத்தார்களோ, அந்த ஊர் வேறு நாடாயிற்று. இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு இந்நகரத்துக்கு வந்தார்கள். ஜாதவ்பூர்ப் பக்கத்தில் குடிசை போட்டுக் காலனிகளை அமைத்தார்கள். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. காட்டுவதற்கு நிலப்பத்திரமும் இல்லை. இருந்தது ஒரு கால்பந்துக் கழகமும் அதன் சட்டையுமே. ஆங்கிலேயன் கடையில் வாங்கிய சிவப்பும் பொன்னும் அன்றுதான் முழுமையாக ஊரின் நிறமாயின. ஞாயிறு தோறும் கடிதம் எழுதினால் பதில் வரும் ஊர் நமக்கு இருந்தது. கோடை விடுமுறைக்குச் செல்ல ரயிலும் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்தத் துயரம் மிகுந்த ஆண்டுகளில் அச்சட்டைக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் யார் என்று அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரைப் "பஞ்ச பாண்டவர்" என்று வங்காளிகள் இன்றும் போற்றுகிறார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்பன அவர்கள் பெயர்கள். ஐவருமே நம் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள்! வங்காளம் பேசிப் பிறந்தவர் அவருள் ஒருவருமில்லை. இவர்கள் காலத்தில் 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் கிட்டியது, 1951-லும் 1952-லும் டூரண்டு கோப்பை வந்தது, 1953-இல் கழகம் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று ஆடியது. ஊரிழந்த மக்களின் நெஞ்சைத் தேற்றிய கால்கள், இந்நகருக்கு வேற்றூராராய் வந்த தென்னாட்டார் கால்கள். சட்டை ஒருவனை எந்த ஊர் என்று கேட்பதில்லை. எப்படி ஆடினான் என்றே கேட்கிறது.

இந்நகரத்து மக்கள் தம்மை "பாங்கால்" என்றும் "கோட்டி" என்றும் இரு கூறாகச் சொல்லிக்கொள்வார்கள். கிழக்கிலிருந்து வந்தவர் பாங்கால். மேற்கின் பூர்வ குடியினர் கோட்டி. கோட்டி என்றதும் நம் நெல்லைச் சீமை அன்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வங்காளத்தில் அது சிறு செம்பைக் குறிக்கும் சொல். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அவர்கள் வீட்டில் இலிஷ் மீன். மோகன் பாகன் வென்றால் இறால். சைவச் சமையல் உள்ள நம் வீடுகளில் எந்த அணி வென்றாலும் சாம்பார்தான் என்பதால் நமக்கு இதில் நட்டமில்லை!

ஆனால் நிறம் நஞ்சாகவும் மாறும் என்பதை மறைக்கலாகாது. 1970 முதல் 1975 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால் லீகை வென்றது. 1975 செப்டம்பர் 30-இல் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பாகனை 5-0 என்று தோற்கடித்தது. வெற்றி வளர வளரப் பகையும் வளர்ந்தது. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இரு கழகங்களும் மோதியபோது காலரியில் கலகம் மூண்டது. ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. இரு நிறத்துத் தாய்மாரும் ஒரே நிறத்துக் கண்ணீர் வடித்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் நினைவாக இரத்த தானம் நடைபெறுகிறது. தன் நிறத்தை நேசிப்பது வேறு, பிறன் நிறத்தை வெறுப்பது வேறு என்பதை இந்நகரம் அத்தனை விலை கொடுத்துக் கற்றது.

பின்னர் வணிகம் வந்தது. 1998-இல் மது உற்பத்தி செய்யும் ஒரே குழுமம் இரு கழகங்களோடும் கூட்டுச் சேர்ந்தது. ஒன்று கிங்பிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆயிற்று. மற்றொன்று மெக்டவல் மோகன் பாகன் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாய் முகம் கொடுத்துப் பேசாத இருவர், ஒரே முதலாளியின் இரு விளம்பரப் பலகைகளைத் தாங்கி நின்றார்கள்! பின் 2018-இல் ஈஸ்ட் பெங்காலுக்குக் குவெஸ் நிறுவனம் வந்தது. 2020-இல் ஸ்ரீ சிமெண்ட் வந்தது. 2022-இல் எமாமி வந்தது. பெயரின் முன்னொட்டு மாறியது. மார்பில் பொறித்த எழுத்து மாறியது. பருத்தி போய்ச் செயற்கை இழை வந்தது. நிறங்கள் ஒருகால் பட்டைகளாயின. ஒருகால் பாதிப் பாதியாயின. ஆனால் சிவப்பும் பொன்னும் என்பதை மாற்ற எந்த முதலாளியும் துணியவில்லை.

மோகன் பாகனிலும் இதே கதைதான். 2020-இல் அது ஏ.டி.கே. என்னும் அணியோடு இணைந்தது, ஏ.டி.கே. மோகன் பாகன் என்று பெயர் பெற்றது. பச்சையும் அரக்கும் நிலைத்தன. ஆயினும் அந்த மூன்றெழுத்தை அன்பர்கள் பொறுக்கவில்லை. அதை நீக்குமாறு மூன்றாண்டுகள் முழங்கினார்கள். 2023-இல் அது நீங்கிற்று. பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கழகம் சொத்து. சட்டையைத் துவைத்து உலர்த்துபவர்களுக்கு அது குடும்பம்.

இடையே ஒரு மகிழ்ச்சியான செய்தி. 2003 ஜூலை 26-இல் ஜகார்த்தா நகரில் ஆசியான் கழகங்களின் இறுதியாட்டத்தில், தாய்லாந்தின் பி.இ.சி. டேரோ சாசனா அணியை 3-1 என வென்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையைக் கொணர்ந்தது. அந்த அணியில் தஞ்சைத் தரணி தந்த காலியா குலோத்துங்கன் இடம்பெற்றிருந்தார். சோழப் பேரரசனின் பெயரைத் தாங்கிய தமிழ் இளைஞர் ஒருவர், வங்காளத்துச் சட்டையணிந்து, கடல் கடந்து சென்று வெற்றியில் பங்கு கொண்டார் என்று எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கிறது. 2018-இல் சாலை விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அறியாதது அவர்கள் குற்றமன்று; சொல்லாதது நம் குற்றம்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2024 ஆகஸ்ட் 9-ஆம் நாள் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். நகரமே கொதித்தது. 18-ஆம் நாள் நடைபெறவிருந்த டூரண்டுப் போட்டியின் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பாகன் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாவிட்டாலும் அன்பர்கள் சால்ட் லேக் அரங்கத்தின் வெளியே கூடினார்கள். 1980-இல் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட இரு நிறங்களும் அன்று தோளோடு தோள் சேர்ந்து நின்று நீதி கேட்டன. மூன்றாவது பெருங்கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு வெள்ளையும் அவர்களோடு சேர்ந்தது. மழையும் வந்தது, தடியடியும் விழுந்தது, கலையவில்லை. அவரவர் தம் சட்டையைக் கழற்றிவிட்டு ஒன்றாகவில்லை. அவரவர் சட்டையோடே ஒன்றானார்கள். இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

அன்பர்களே! இப்போது நம் குடியிருப்பின் வழக்குக்கு வருவோம். நம் பிள்ளைகள் அணியும் அந்தச் சட்டை, எஸ்பிளனேடில் மைதான் மார்க்கெட்டுக் கடைகளில் வாங்கியது. 1920-இல் முதற் சட்டை வாங்கிய அந்தப் பழைய கட்டடம் அங்கிருந்து நடக்கும் தூரந்தான். நம் திருப்பூரின் பின்னலாடைகளில் விளையாட்டுச் சட்டைகளும் உண்டு. அவை நாடெங்கும் செல்கின்றன. பேரன் அணிந்திருக்கும் வங்காளத்துச் சட்டை ஒருவேளை தாத்தாவின் கொங்கு நாட்டில் தைத்ததாகவும் இருக்கலாம்! ஆதலால் துணியைப் பார்த்து நம்மவன், பிறன் என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதால் நமதாவதில்லை. எத்தனை மழையில் நனைந்தோம், எத்தனை தோல்வியில் கழற்றாமல் இருந்தோம் என்பதால் நமதாகிறது. ஈஸ்ட் பெங்கால் சட்டை நமக்குப் புகட்டும் பாடம் இதுவே. இது தமிழுக்கும் பொருந்தும். தமிழ் நம் இரத்தத்தில் ஓடுகிறது என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசினால், ஆண்டுக்கொரு முறை பெட்டியிலிருந்து எடுக்கும் பட்டுச் சட்டையைப் போலத் தமிழ் மடிப்புக் கலையாமல் இருக்கும், உடம்புக்கு ஒட்டாது. நாள்தோறும் அணிந்து, அழுக்காக்கி, கிழிந்த இடத்தைத் தைத்து, மீண்டும் அணிவதே மொழியை நமதாக்கும் வழி. "எங்க டீம்" என்று அந்தச் சிறுவன் சொன்னான் என்று வருந்தினோமே, அவன் அதைத் தமிழில் அன்றோ சொன்னான்! அதை நாம் அன்று கேட்கத் தவறிவிட்டோம்.

ஆகவே செயற்குழுவினர்க்கு நம் பணிவான விண்ணப்பம் ஒன்று. வரும் பொங்கல் போட்டியில் பிள்ளைகள் தாம் விரும்பிய சட்டையை அணிந்து வரட்டும். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் சட்டையின் கதையை ஐந்து நிமிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று விதிப்போம். ஒருவன் பஞ்ச பாண்டவரைப் பற்றிச் சொல்லட்டும். ஒருவன் 1911-ஐச் சொல்லட்டும். ஒரு சிறுமி குலோத்துங்கனைச் சொல்லட்டும். பெரியவர்களாகிய நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம். பிழை நேர்ந்தால் சிரிக்காமல் திருத்துவோம். சங்கத்தின் வெள்ளைச் சட்டைக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். வாடகை அறையில் கூடிய முன்னோரை அறிந்த மூத்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளை அந்தச் சட்டையையும் விரும்பி அணிவான்.

முகம் சுளித்ததற்காக அந்தச் சிறுவனிடம் இம்மேடையிலேயே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். அதோ, இரண்டாவது வரிசையில், சிவப்பும் பொன்னுமாய், தாத்தாவின் மடிமேல் சாய்ந்துகொண்டு அமர்ந்திருக்கிறான். தாத்தாவும் இன்று மறுப்புச் சொல்லவில்லை.